அடைத்து வைத்தவனுக்கு ஃப்ளாஷ்பேக்: வியாசர்பாடி மாடியில் எந்தப் படம் போடலாம்?

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, டியூஷன் சென்டர் மாடி, ஒரு படம், முடிந்ததும் பேச்சு. எங்கள் குழுவின் வழக்கம் இவ்வளவுதான். இந்த முறை எடுத்திருக்கும் பொருள் கொஞ்சம் கனமானது. ஒருவர் மேல் பித்துப் பிடித்து, அவரைத் தூக்கிக்கொண்டு வந்து அடைத்து வைக்கிற கதை. வாட்ஸ்அப்பில் ஆறு படங்கள் ஓட்டுக்கு வந்திருக்கின்றன. தமிழில் மூடுபனி, குணா, காதல் கொண்டேன். ஆங்கிலத்தில் த கலெக்டர், மிசரி, ரூம். ஆறையும் பார்த்தவர்கள் குழுவில் அதிகம் இல்லை. அதனால் ஓட்டுப் போடுவதற்கு முன்னால் ஒப்பிட்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முடிவுகளைச் சொல்லாமல் இந்தப் படங்களை ஒப்பிட முடியாது, சொல்லித்தான் ஆக வேண்டும். சஸ்பென்ஸ் கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் வருகிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சிகப்பு ரோஜாக்கள் பட்டியலிலேயே ஏன் இல்லை என்று ஒருவர் சண்டைக்கு வந்தார். நல்ல படம்தான், ஆனால் அது கொலைகாரன் கதை, அடைத்து வைக்கும் கதை இல்லை. நமக்கு வேண்டியது படம் முடிந்ததும் வாய் திறக்க வைக்கும் ஒன்று. வருகிறவர்களில் பாதிப் பேர் பையன்கள். காலேஜ் படிப்பவர்கள், டெலிவரி ஓட்டுபவர்கள், காசிமேட்டில் ஐஸ் பார் இறக்கப் போகிறவர்கள். மீதிப் பேர் நர்சிங் படிக்கும் பெண்கள், எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிறவர்கள், முல்லை நகர் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, அவர் கூட்டிவரும் அவர் வயதுக்காரர்கள். பெண்கள் எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும். இந்த எட்டு மணியை மறந்துவிட்டுப் படம் தேர்ந்தெடுத்தால் பேச்சு முழுக்கப் பையன்கள் கையில் போய்விடும். இந்தப் பொருளுக்கு அது சரிப்படாது.

அடுத்தது சத்தம். ஜீவா ஸ்டேஷன் பக்கமாகப் போகும் ரயில் நம் மாடிக்குக் கேட்கும். ஆடி மாதம் என்றால் கூழ் ஊற்றும் ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்ளும். ஆங்கிலப் படத்துக்கு சப்டைட்டில் வேறு. திரையில் முகத்தைப் பார்ப்பதா, கீழே எழுத்தைப் படிப்பதா என்று தடுமாறுகிறவர்கள் நம்மில் பாதி. வேண்டுமானால் கீழ்த்தளத்து வகுப்பறைக்குப் போகலாம், ஜன்னலைச் சாத்தலாம், புழுக்கம் தாங்கவேண்டும். படத்தைப் பொறுத்து இடமும் மாறும்.

இதெல்லாம் ஏற்பாடு. உண்மையில் எந்தப் படம் என்று தீர்மானிக்க நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே ஒன்று: ஃப்ளாஷ்பேக் யாருக்கு?

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃப்ளாஷ்பேக் வந்துவிட்டால் மன்னிப்பும் கூடவே வந்துவிடும். அம்மா அடித்தாள், அப்பன் விட்டுட்டுப் போனான், சோறு இல்லை, ஊரே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் எதைச் செய்தாலும் தியேட்டர் அவன் பக்கம். அடைபட்ட பெண்ணுக்கு அப்படி ஒரு ஃப்ளாஷ்பேக் கிடைப்பது அபூர்வம். அவளுக்கு ஊர் எது, என்ன படித்தாள், யாரைப் பிடிக்கும், என்ன ஆகவேண்டும் என்று நினைத்தாள் என்பதெல்லாம் ரெண்டு சீனில் முடிந்துவிடும். பாட்டும் அவனுக்குத்தான்.

மூடுபனியை எடுத்துக்கொள்வோம். 1980 தீபாவளிக்கு வந்த படம், பாலு மகேந்திரா, இளையராஜாவுக்கு நூறாவது படம். பிரதாப் போத்தன் நடித்த சந்துரு சின்ன வயதில் பார்த்ததெல்லாம் மனதில் புண்ணாகிப் போனவன். கொலை செய்கிறவன். ஷோபா நடித்த ரேகாவின் மேல் கண் விழுந்து அவளை மலைமேல் வீட்டுக்குக் கொண்டுபோய் வைக்கிறான். ஊட்டிப் பனி, ஜன்னல் வெளிச்சம், ஓசையில்லாத அறைகள். பாலு மகேந்திராவின் கேமராவுக்காக மட்டும் ஓட்டுப் போடுவது என்றால் இதற்குத்தான் போடுவேன். ஆனால் இந்தப் படத்திலிருந்து ஊருக்குள் மிஞ்சியது எது? பொன் நிலாவே பாட்டு. கல்யாண வீட்டு லைட் மியூசிக்கில் மாப்பிள்ளையின் நண்பன் மைக்கைப் பிடித்து அதைத்தான் பாடுகிறான். கிட்டாரை வைத்துக்கொண்டு பாடியவன் யார், எதிரில் உட்கார்ந்திருந்தவள் எப்படி அங்கே வந்தாள் என்பது யாருக்கும் நினைவில்லை. யேசுதாஸ் குரலுக்கு முன்னால் வேறு எது நினைவிருக்கும்?

மூடுபனிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. படம் வருவதற்கு முன்பே, அந்த வருஷம் மே 1ஆம் தேதி, ஷோபா இறந்துவிட்டார். பசி படத்துக்குத் தேசிய விருது வாங்கிய பெண், இருபது வயதுகூட ஆகவில்லை. நம் கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டியவர்கள் நான்கு பேர் இருந்தால் போதும், பேச்சு அவரைப் பற்றியே போகும். ரேகாவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். அப்படிப் பேசுவது தப்பில்லை, ஆனால் அதற்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.

குணா விஷயம் இன்னும் சிக்கல். 1991 தீபாவளிக்குத் தளபதியோடு மோதிய படம். சந்தான பாரதி இயக்கம், பாலகுமாரன் வசனம். மஞ்ஞுமல் பாய்ஸ் மலையாளப் படம் 2024இல் வந்த பிறகு நம் பையன்களுக்குக் குணா எடுத்த குகையும் கண்மணி பாட்டும் புதிதாகப் பிறந்த மாதிரி. குழுவில் அதிக ஓட்டு இதற்குத்தான் விழும் என்று தெரியும். கமலின் நடிப்பைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கதை என்ன செய்கிறது என்று பாருங்கள். அபிராமி என்று அவனாகவே முடிவுகட்டிக்கொண்ட ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிறான் குணா. அவளோ பணக்கார வீட்டு ரோகிணி. அவள் சொத்துக்கு அலைகிற கார்டியன் ஒருவன் வெளியே காத்திருக்கிறான். அதாவது, அடைத்து வைத்தவனை விடக் கெட்டவனை வெளியே நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தப்பித்துப் போவதில் யாருக்கும் அக்கறை இல்லை. போனால் அவனிடம் அல்லவா மாட்டுவாள்! கண்மணி பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜானகியம்மா குரலில் அவளும் பாடுகிறாள், உண்மைதான். பாடுவது எதை? அவன் சொல்லச் சொல்ல எழுதிய கடிதத்தை. அடைபட்டவள் கையில் பேனாவைக் கொடுத்து, அடைத்தவன் தன் காதலை எழுத வைக்கிறான். இதைப் போன மாதம் டீக்கடையில் சொன்னபோது தையல் கடை அக்கா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அவ லெட்டர் எழுதினா இன்னா எழுதியிருப்பா? வீட்டு அட்ரஸ் எழுதி, வந்து இட்டுகினு போங்கனு எழுதியிருப்பா."

குணாவைப் போட்டால் பேச்சில் யாராவது ஒருவர் நிச்சயம் ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம் என்பார், அடைபட்டவருக்கு அடைத்தவர் மேலேயே பாசம் வந்துவிடுவதைச் சொல்கிற பெயர். அதைப் பற்றி ரெண்டு வார்த்தை. 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரத்து வங்கி ஒன்றில் கொள்ளையடிக்க வந்தவன் ஊழியர்கள் நான்கு பேரை ஆறு நாள் பிடித்து வைத்திருந்தான். அவர்களில் ஒரு பெண் ஸ்வீடன் பிரதமர் உலோப் பால்மேயிடம் போனில் பேசி, கொள்ளைக்காரர்களோடு வெளியே போக விடுங்கள் என்று கேட்டார். போலீஸ் சுட்டுத்தள்ளிவிடுமோ என்ற பயம் அவருக்கு அதிகம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு நோய்ப் பெயர் வைத்தவர் வெளியே நின்ற மனநல மருத்துவர். அமெரிக்க மனநல சங்கத்தின் நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் இன்றுவரை இல்லை. ஆக, ரோகிணி மனம் மாறினாள் என்பதற்கு இந்தப் பெயரைச் சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். உயிர் பிழைக்க ஒருத்தி எதையெல்லாம் செய்வாள் என்று கேட்பது கஷ்டம். குணா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கடைசியில் அவள் செத்துப்போகிறாள், அவளை ஏந்திக்கொண்டு அவனும் மலையிலிருந்து குதிக்கிறான், நாம் அழுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. குணா தொடங்குவதே மனநல மருத்துவமனையில். நம் ஊரில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். 1794இல் தொடங்கிய மருத்துவமனை அது, கேட் இருப்பது அயனாவரம் பக்கம். அங்கே வாரா வாரம் மாத்திரை வாங்கப் போகிற வீட்டுக்காரர்கள் நம் கூட்டத்திலும் இருக்கலாம், சொல்லமாட்டார்கள். பைத்தியம் என்றால் ஒன்று தெய்வம், இல்லையென்றால் கொலைகாரன் என்று காட்டும் படங்களை அவர்களுக்கு முன்னால் போடும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். இது குணாவுக்கு மட்டும் இல்லை, பட்டியலில் பாதிக்கும் மேலான படங்களுக்குப் பொருந்தும்.

காதல் கொண்டேன் பற்றி எனக்கு இரண்டு மனம். 2003இல் வந்தபோது தனுஷைப் பார்த்து "நம்மள மாதிரியே கீறான்டா" என்று சொல்லாத பையன் வடசென்னையில் இல்லை. ஒல்லி உடம்பு, எண்ணெய் வைத்த தலை, காலேஜில் சிரிப்பு வாங்குகிறவன். அனாதை, சின்ன வயதில் கொத்தடிமை மாதிரி வேலை வாங்கப்பட்டவன். அவனைப் பார்த்து முதலில் சிரித்துப் பேசிய திவ்யாவை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போய் மலைக்காட்டில் வைத்துக்கொள்கிறான். கதைப்படி அந்த இடம் தடா. செங்குன்றம் தாண்டி ஜிஎன்டி ரோட்டைப் பிடித்தால் நம் பையன்கள் பைக்கிலேயே போய்வருகிற ஊர். இப்படி வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் நடக்கிற கதை வேறு எதுவும் பட்டியலில் இல்லை.

படத்தின் திறமை, அவனுடைய பழைய கதையைத் திவ்யாவின் காதிலேயே போட்டுவிடுவது. அவள் அழுதுவிட்டாள், அப்புறம் நாம் எப்படி அழாமல் இருப்பது? கடைசிக் காட்சியில் ஒரு கையில் காதலன், ஒரு கையில் வினோத். இரண்டு பேரும் பள்ளத்தில் தொங்குகிறார்கள். அவள் இரண்டு பேரையும் விடமாட்டேன் என்கிறாள். வினோத் சிரித்துக்கொண்டே தானே கையை விடுகிறான். தியாகியாகிவிட்டான்! கடத்தி வந்தவன் தியாகி, கடத்தப்பட்டவள் காலம் முழுக்கக் குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டியவள். செல்வராகவன் இதைத் தெரியாமல் செய்தார் என்று நான் நினைக்கவில்லை, அந்தச் சிரிப்பில் ஒரு விஷம் இருக்கிறது. ஆனால் தியேட்டரில் விசில் அடித்தவர்கள் விஷத்தை ருசி பார்க்கவில்லை.

ஒரு பெண்ணை அவள் விருப்பமில்லாமல் தொடர்ந்து பின்தொடர்வது தனிக் குற்றமாக இந்தியச் சட்டத்தில் ஏறியதே 2013இல்தான். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 78ஆவது பிரிவு, முதல் தடவை என்றால் மூன்று வருஷம் வரை, மறுபடியும் செய்தால் ஐந்து வருஷம் வரை. படம் வந்த காலத்தில் அது காதலுக்கு முதல் படி. இன்றைக்கும் நம் பையன்களில் சிலருக்கு அப்படித்தான். அதனால் இந்தப் படத்தைப் போட்டால் வாக்குவாதம் நன்றாக நடக்கும், ஆனால் ஓட்டெடுப்பு முன்னாலேயே முடிந்த வாக்குவாதமாக இருக்கும். பையன்கள் எல்லாரும் வினோத் கட்சி, பெண்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு கட்சி.

ஆங்கிலப் பக்கம் வருவோம். ரூம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2015, லென்னி ஆபிரகாம்சன் இயக்கம், பிரீ லார்சனுக்கு ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த படம். பதினேழு வயதில் கடத்தப்பட்டு ஏழு வருஷமாக ஒரு கொட்டகை அறையில் இருக்கிற பெண், அங்கேயே பிறந்த அவளுடைய ஐந்து வயதுப் பையன். கதை பையன் கண்ணால் நடக்கிறது. அடைத்து வைத்தவனுக்குப் பட்டப்பெயரைத் தவிர ஒன்றும் கிடையாது. ஃப்ளாஷ்பேக், பாட்டு, பரிதாபம் எதுவும் இல்லை. தப்பிப்பது பாதிப் படத்திலேயே முடிந்து, மீதிப் பாதி வெளியே வந்த பிறகு எப்படி வாழ்வது என்பது. என் அளவுகோலில் முழு மார்க் வாங்குவது இதுதான். அப்புறம் ஏன் வேண்டாம் என்கிறேன்? எல்லாரும் ஒரே பக்கம் நின்றுவிடுவார்கள். அழுவார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள். பித்து என்கிற விஷயமே படத்தில் இல்லை, அவனை உள்ளே போய்ப் பார்ப்பதே இல்லை. கூடவே, பத்துக்குப் பத்து அறையில் அஞ்சு பேர் படுக்கும் வீட்டிலிருந்து வருகிறவர்கள் "இது இன்னா பெரிய ரூமு" என்று ஆரம்பித்தால் அது ஹவுசிங் போர்டு சண்டையில் போய் முடியும். அந்தச் சண்டையும் போட வேண்டியதுதான், அன்றைக்கு இல்லை.

மிசரிக்கு வந்தால் போட்டி சூடாகிறது. ஸ்டீபன் கிங்கின் 1987ஆம் வருஷத்து நாவல், ராப் ரைனர் 1990இல் எடுத்தார், ஆனி வில்க்ஸ் வேடத்துக்குக் கேத்தி பேட்ஸ் ஆஸ்கர் வாங்கினார். பனியில் கார் கவிழ்ந்து இரண்டு காலும் உடைந்த எழுத்தாளர் ஒருவரை, அவருடைய தீவிர ரசிகையும் முன்னாள் நர்சுமான ஆனி காப்பாற்றித் தன் வீட்டில் படுக்க வைக்கிறாள். அவர் எழுதும் தொடர் நாவல்களின் நாயகியைக் கடைசிப் புத்தகத்தில் கொன்றுவிட்டார் என்று தெரிந்ததும் பிடித்துக்கொள்கிறது பைத்தியம். புதுக் கையெழுத்துப் பிரதியை அவர் கையாலேயே கொளுத்த வைக்கிறாள். டைப்ரைட்டர் வாங்கி வந்து வைத்து, செத்தவளை உயிரோடு எழுப்பி எழுது என்கிறாள்.

கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊரில் இதை விளக்க வேண்டுமா? படத்தில் ஹீரோ செத்துவிட்டான் என்று சீட்டைக் கிழித்த கதைகள் தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் காலத்து ஆட்களிடம் கேட்டால் கிடைக்கும். நம் பையன்களுக்கு ஆனியைப் பார்த்த உடனே புரிந்துவிடும், சப்டைட்டில்கூட வேண்டாம்.

மிசரியில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தப் பெங்குவின் பொம்மை. ஆனி வெளியே போன சமயம் பார்த்து, சக்கர நாற்காலியில் அறையை விட்டு வெளியே வருகிறார் எழுத்தாளர். மேசை மேலிருந்த பீங்கான் பெங்குவின் ஒன்று தட்டிச் சரிகிறது. பிடித்துவிடுகிறார், திருப்பி வைக்கிறார், ஆனால் முகம் வேறு திசையைப் பார்க்கிறது. அவள் வீட்டில் அந்தப் பெங்குவின் எப்போதும் தெற்கேதான் பார்க்கும். அதிலிருந்து அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். பொருளை இடம் மாறாமல் வைக்கிற பித்தும், ஆளை இடம் மாறாமல் வைக்கிற பித்தும் ஒன்று என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு சம்மட்டியால் அவர் கணுக்கால்களை உடைக்கிறாள், உடைத்த கையோடு காதலைச் சொல்கிறாள். நாவலில் கோடாலி, காலே போய்விடும். படத்தில் அதைக் குறைத்தும் பார்க்க முடியவில்லை.

மிசரியின் பெரிய பலம், அடைபட்டவன் ஆண். பையன்கள் வேறு வழியில்லாமல் கட்டிலில் படுத்துக்கொள்ள வேண்டும். "அவ லவ் பண்றா, பாவம்டா" என்று யாரும் சொல்லமாட்டார்கள். சொல்லாதபோது கேட்கலாம்: ஆனி இடத்தில் ஒரு பையன், கட்டிலில் ஒரு பெண், அதே சோறு, அதே மருந்து, அதே பூட்டு, இப்போது ஏன் பாவமாக இருக்கிறது? நூற்றியேழு நிமிஷம்தான், ஆறு மணிக்குள் முடிந்துவிடும். ரயில் சத்தத்தையும் மீறி நிற்கிற படம். மொட்டை மாடிக்கு ஏற்றது.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனி ஒரு ராட்சசி. படம் பார்த்துவிட்டு வருகிறவன் "பொம்பள பைத்தியம்டா சாமி" என்று சிரித்துக்கொண்டே போக வழி இருக்கிறது. நர்சிங் படிக்கும் பெண்கள் கோபப்படுவார்கள், நியாயமான கோபம். அத்தோடு, ஆனி நம்மில் ஒருத்தி இல்லை. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிற மாதிரி யாருக்கும் தோன்றாது.

த கலெக்டரில் தோன்றும்.

ஜான் ஃபவுல்ஸ் 1963இல் எழுதிய நாவல், வில்லியம் வைலர் 1965இல் படமாக்கினார். டெரன்ஸ் ஸ்டாம்ப், சமந்தா எகார் இரண்டு பேருக்கும் அந்த வருஷம் கான் விழாவில் நடிப்புக்கான பரிசு. கதை இதுதான். ஃப்ரெடி ஒரு பேங்க் கிளார்க், கூச்ச சுபாவம், கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் பண்ணுகிற ஆள். வண்ணத்துப்பூச்சி பிடித்து ஊசி குத்திக் கண்ணாடிக்குள் வைப்பது அவனுக்குப் பொழுதுபோக்கு. கால்பந்துப் பந்தயச் சீட்டில் பெரிய பணம் விழுகிறது. ஊருக்கு வெளியே நிலவறை உள்ள பழைய வீட்டை வாங்குகிறான். ரொம்ப நாளாகப் பின்தொடர்ந்து வந்த மிராண்டா என்ற ஓவியக் கல்லூரி மாணவியை மயக்க மருந்து கொடுத்து வேனில் தூக்கிவந்து அதில் வைக்கிறான்.

வைத்து என்ன செய்கிறான்? மரியாதையாக நடத்துகிறான்! கட்டில், துணிமணி, ஓவியப் புத்தகம், தட்டில் வைத்துச் சாப்பாடு. கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். அவனுக்கு வேண்டியது அவள் அவனைப் புரிந்துகொள்ள வேண்டும், தானாகக் காதலிக்க வேண்டும். "நான் அவளை ஒண்ணுமே பண்ணலியே" என்று கடைசி வரை நம்புகிறவன் அவன். இந்த வாக்கியத்தை நம் தெருவில் எத்தனை வாயிலிருந்து கேட்டிருக்கிறோம்? கையைக்கூடப் பிடிக்கல, ஃபாலோ பண்ணேன் அவ்ளோதான். அடிக்கல, போனை மட்டும் வாங்கி வெச்சுகினேன். வேலைக்குப் போவாத, எல்லாம் நான் பாத்துக்கிறேன்னு சொன்னேன், தப்பா? ஃப்ரெடியை இங்கிலாந்துக்காரன் என்று ஒதுக்கிவிட முடியாது.

இன்னொன்று, வர்க்கம். அவன் சாதாரணக் குடும்பம், அவள் படித்த, வசதியான வீட்டுப் பெண். அவள் பேசும் ஓவியமும் இலக்கியமும் அவனுக்குத் தலைக்கு மேலே போகிறது. பிக்காசோவைப் பார்த்து அவனுக்குக் கோபம் வருகிறது, புத்தகத்தைக் கிழிக்கிறான். நம் ஆட்கள் முதல் அரை மணி நேரம் அவன் பக்கம்தான் நிற்பார்கள், நிற்கவும் வேண்டும். அண்ணா நகர் தாண்டிப் போய் இன்டர்வியூவில் ஏரியா பெயரைச் சொன்னதும் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். காதல் கொண்டேனும் இதே இடத்தில்தான் கைவைக்கிறது. ஆனால் அங்கே ஏழ்மை மன்னிப்பாக மாறுகிறது, இங்கே மாறுவதில்லை. பேங்கில் கிண்டல் செய்த சின்ன ஃப்ளாஷ்பேக் ஒன்று இருக்கிறது, அவ்வளவுதான். அம்மா அடித்த கதை, அனாதை கதை எதுவும் கிடையாது. கதை சொல்லும் குரல்கூட அவனுடையது. அவன் குரல் ஒன்று சொல்லும், நம் கண் வேறொன்று பார்க்கும். நாவலில் பாதிக்கு மேல் அவளுடைய டைரி வரும், படத்தில் அது இல்லை. அது எனக்குக் குறைதான். அடைபட்டவள் எழுதிய பக்கங்களை வைலர் விட்டுவிட்டார். ஆனாலும் எகாரின் முகம் அந்த டைரியில் பாதியையாவது சொல்லிவிடுகிறது.

இந்தப் படத்தை நம் மாடிக்கு நான் இழுத்து வருவதற்கு உண்மையான காரணம் ஒரு காட்சி. மிராண்டாவைக் குளிக்க மேலே கூட்டி வந்திருக்கிறான். அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் அறிமுகம் செய்துகொள்ள வந்துவிடுகிறார். அவளைக் கட்டி, வாயை அடைத்துவிட்டு இவன் கீழே இறங்கிப் பேசுகிறான். அவள் கால் விரலால் குழாயைத் திருகிவிடுகிறாள். தொட்டி நிரம்பி, தண்ணீர் அறையைத் தாண்டி மாடிப்படியில் இறங்குகிறது. பெரியவர் பார்த்துவிட்டார். என்ன நடக்கப் போகிறது? இவன் ஓடிப்போய்க் குழாயை மூடிவிட்டு வந்து, மேலே என் தோழி குளிக்கிறாள் என்கிறான், சங்கடமாக நெளிந்தபடி. பெரியவருக்குப் புரிந்துவிட்டதாம். அசடு வழிந்துகொண்டு, ஒரு நமட்டுச் சிரிப்போடு விடைபெற்றுப் போகிறார்.

நம் ஊரில் நிலவறை கிடையாது. ஒண்டுக்குடித்தனத்தில் சுவரோடு சுவர், இங்கே தும்மினால் அங்கே கேட்கும். இந்த மாதிரி ஒருத்தியை அடைத்து வைக்க முடியாது என்று பையன்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுகிற சத்தமும் அதற்குப் பிறகு வரும் அமைதியும் எத்தனை முறை கேட்டிருக்கிறோம், "அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரம், நமக்கு இன்னாத்துக்கு" என்று டிவி சத்தத்தைக் கூட்டியிருக்கிறோம்? அந்தப் பெரியவர் நாம்தான். தமிழ்ப் படம் மூன்றிலும் கேமரா காட்டுக்கும் மலைக்கும் போய்விடுவதால் பக்கத்து வீடே இல்லை. மிசரியிலும் பனிக்காடு. படி இறங்கி வந்த தண்ணீரைக் கண்ணால் பார்த்துவிட்டு ஒருவர் சிரித்தபடி திரும்பிப் போவது இந்தப் பட்டியலில் த கலெக்டரில் மட்டும்தான்.

முடிவு கசப்பு. நாலு வாரத்தில் விட்டுவிடுகிறேன் என்று சொன்னவன் கடைசி நாள் மோதிரத்தோடு நிற்கிறான். அவள் சரி என்றாலும், நீ மனசார சொல்லவில்லை என்கிறான். மழையில் மண்வெட்டியால் அவன் தலையில் அடிக்கிறாள், அப்படியும் தப்பிக்க முடியவில்லை. அவளைக் கட்டிப்போட்டுவிட்டு ரத்தத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வருவதற்குள் நிமோனியா முற்றிவிடுகிறது. அவள் சாகிறாள். அவன் அழுகிறானா என்றால், அழுகிறான். பிறகு யோசித்து, தப்பு அவள் மேல்தான், தகுதிக்கு மீறி ஆசைப்பட்டுவிட்டோம் என்று முடிவுக்கு வருகிறான். கடைசியில் ஒரு நர்ஸின் பின்னால் அவன் வேன் மெதுவாகப் போகிறது. தியாகம், மலை உச்சி எதுவும் இல்லை. விசில் அடிக்க ஒரு இடமும் இல்லாத படம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஏறக்குறைய இரண்டு மணி நேரம், இரண்டே பேர், ஒரே அறை, பேச்சு பேச்சு பேச்சு. மாடியில் போட்டால் அரை மணி நேரத்தில் பையன்கள் போனை எடுத்துவிடுவார்கள். சப்டைட்டிலைத் தவறவிட்டால் கதை போய்விடும். நிலவறைக் காட்சிகளின் மௌனத்தில் ரயில் ஹாரன் கேட்டால் எல்லாம் பாழ்.

அதனால் என் ஓட்டு இப்படி: த கலெக்டர், கீழ்த்தளத்து வகுப்பறை, நான்கு மணிக்கு ஆரம்பம். இரண்டு பக்கமும் ஃபேன் வைத்து ஜன்னலைச் சாத்திவிடலாம். குளியலறைக் காட்சிக்குப் பிறகு இன்டர்வெல் விடுவோம், டீயும் அத்தோ நூடுல்ஸும் அப்போது வரட்டும். அந்தப் பெரியவரைப் பற்றி அங்கேயே பேச்சு தொடங்கிவிடும். பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் கூட்டி வர வேண்டாம், டியூஷன் பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஆறரைக்குப் பேச்சு, முதலில் பெண்கள் பக்கம். தையல் கடை அக்கா தொடங்கட்டும், அவருக்கு மைக் தேவையில்லை. பையன்கள் குணாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் பேச்சின் நடுவில் கண்மணி பாட்டை மட்டும் போட்டுக் காட்டிவிட்டு, மிராண்டாவின் இடத்தில் ரோகிணியை வைத்து மறுபடி பார்க்கச் சொல்லலாம். வகுப்பறைச் சாவி கிடைக்கவில்லை, மாடிதான் என்றாகிவிட்டால் யோசிக்காமல் மிசரிக்கு மாறிவிடுங்கள். ஓட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணி வரை.